வெள்ளி, சனிக்கு ஆள்

பூங்குழலியின் வெள்ளைக் கோட்டுக்கு இஸ்திரி போடுவது மணிவண்ணன்தான். வியாழக்கிழமை சாயங்காலம் காட்டிலிருந்து வந்து கைகால் கழுவிக்கொண்டு, கட்டில்மேல் பழைய போர்வையை நாலாக மடித்து விரிப்பான். முதலில் கோட்டின் மூன்று பாக்கெட்டுகளிலும் கையை விட்டுப் பார்ப்பான். அகப்பட்டதையெல்லாம் எடுத்து ஜன்னலோரம் வரிசையாக வைப்பான். பேனா மூடி, பஞ்சு, தலைவலி மாத்திரை அட்டை, பஸ் டிக்கெட். டிக்கெட்டை மட்டும் வெளிச்சத்தில் பிடித்து என்ன ஊர், என்ன தேதி என்று படித்துவிட்டு வைப்பான். அதற்கப்புறம்தான் இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சைப் போடுவான்.

ஒரு தடவை பாக்கெட்டில் கிடந்த பேனா சூட்டில் கசிந்து கோட்டில் நீலக்கறை படிந்துவிட்டது. அன்றிலிருந்துதான் இந்தச் சோதனை என்று அவன் சொல்வான். பேனா தேடுகிற கைக்கு டிக்கெட்டில் என்ன வேலை என்று பூங்குழலி அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பாள். கேட்டதில்லை. கேட்டால் இஸ்திரி போடுவதை நிறுத்திவிடுவான். அவள் போட்டால் காலர் படியாது.

பூங்குழலிக்கு முப்பத்தாறு வயது. கொல்லிமலையில் ஆலத்தூர் நாட்டில் பிறந்து, அதே மலையில் திருப்புலி நாட்டில் வாக்கப்பட்டவள். கீழே போய் நர்சிங் படித்துவிட்டு, மற்றவர்களைப்போல அங்கேயே வேலை தேடிக்கொள்ளாமல் மலைக்கே திரும்பி வந்தாள். ஒரு அறக்கட்டளை நடத்தும் இருபது படுக்கை ஆஸ்பத்திரியில் பதினாலு வருஷமாக நர்ஸ். ஒன்பது வயதில் மோனிஷா என்று ஒரு மகள். மிளகும், குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியும் போட்ட இரண்டு ஏக்கர் காடு மணிவண்ணன் பொறுப்பு. மாமனார் காளியண்ணன் கூடவே இருக்கிறார். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். அதை ஒப்புக்கொள்ள மாட்டார்.

போன வருஷம் சாமை அறுப்பு சமயத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஐந்து வயசுப் பிள்ளையை மூச்சுத்திணறலோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். அப்போதிருந்த டாக்டர் கீழே ஊருக்குப் போயிருந்தார். போனில் டவர் இல்லை. என்ன மருந்து, எவ்வளவு என்பது பூங்குழலிக்குத் தெரியும். புகைபோல மருந்து போகிற மெஷினை மாட்டிக் கொடுத்தாள். சாயங்காலம் பிள்ளை எழுந்து உட்கார்ந்து ரொட்டி கேட்டது. திங்கட்கிழமை டாக்டர் வந்து, வார்டில் எல்லோருக்கும் கேட்கும்படி, யாரைக் கேட்டுக் கொடுத்தீர்கள் என்று கேட்டார். கேட்க ஆளில்லை என்பதை அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒரு மாதம் அந்தக் கேள்வியையே மென்றுகொண்டிருந்தாள்.

கூடப் படித்த ஒருத்தி செல்போனில் அனுப்பிய அறிவிப்பு அப்போதுதான் வந்தது. நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பு, இரண்டு வருஷம். வேலையை விட வேண்டாம். வெள்ளியும் சனியும் நாமக்கல் பக்கத்தில் கல்லூரி கேம்பஸில் வகுப்பு. மற்ற நாட்கள் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியிலேயே ஒரு டாக்டரின் கண்காணிப்பில் பயிற்சி. நோயாளியைப் பரிசோதித்து, இன்னதென்று முடிவு செய்து, இன்னின்ன மருந்தைத் தானே ஆரம்பிக்கலாம் என்கிற அளவுக்கு அதிகாரம் கிடைக்கும் என்று கல்லூரியில் சொன்னார்கள். அவளுக்கு அந்த அளவு போதும்.

மணிவண்ணனிடம் சொன்னபோது அவன் கிழங்கு மூட்டையைத் தைத்துக்கொண்டிருந்தான்.

“பிராக்டிசனரா? பதினாலு வருசமா பிராக்டீசு பண்ணீட்டுத்தான இருக்கறே. இன்னுமா பழகுல?”

அவள் சிரித்தாள். அவனும் சிரித்தான். கோணி ஊசியை இழுத்து முடிச்சுப் போட்டுவிட்டு, தலையைத் தூக்காமல், வெள்ளிக்கிழமை அங்கேயே தங்க வேண்டுமா என்று கேட்டான். ஹாஸ்டல் இருக்கிறது, பெண்கள் மட்டும்தான் என்றாள். பெண்கள் மட்டுமா என்று அவன் கேட்கவே இல்லை. கேட்காததற்குத் தான் பதில் சொன்னது அவளுக்கே அப்புறம்தான் உறைத்தது.

மாமனாரிடம் சொல்வது இதைவிடச் சுலபமாக இருந்தது. கேம்பஸில் கிளாஸ் என்றாள். அவர் காதில் விழுந்தது கேம்ப் மட்டும்.

“கேம்ப்பா? போயிட்டு வா கண்ணு. நல்ல காரியம்.”

காளியண்ணனுக்குக் கண்புரை எடுத்தது ஒரு கேம்ப்பில். வேனில் கூட்டிப்போய், கறுப்புக் கண்ணாடி போட்டு, கையில் பிஸ்கட் பொட்டலம் கொடுத்துக் கொண்டுவந்து விட்டார்கள். அதற்கு மறுநாள்தான் மிளகுக் கொடியில் காய் எத்தனை என்று அவரால் பார்க்க முடிந்தது. கேம்ப் என்றால் அவருக்குத் தனி மரியாதை. வெள்ளிக்கிழமை தோறும் டீக்கடையில் யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும், மருமகள் கேம்ப்புக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லிவந்தார்.

பூங்குழலி திருத்தவில்லை. மறந்து அல்ல, தெரிந்தேதான். படிக்கப் போகிறாள் என்றால் இந்த வயதில் எதற்கு, யார் கூட, எங்கே தங்கல் என்று அடுக்கடுக்காகக் கேள்வி வரும். கேம்ப் என்றால் ஆஸ்பத்திரிக் காரியம். ஒரு கேள்வியும் கிடையாது. வந்து விழுந்த சொல் வசதியாக இருந்தது, அப்படியே விட்டுவிட்டாள்.

ஆஸ்பத்திரியில்தான் சிக்கல். நர்ஸ்கள் மூன்று பேர். கலைச்செல்வி சேர்ந்து ஆறு மாதம், வார்டில் தனியாக விட முடியாது. மிச்சம் அமலோற்பவம். கீழ்நாட்டுக்காரி. மலைக்கு வந்து இருபத்திரண்டு வருஷம், ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம். மகள் வீடு நாமக்கல்லில். வெள்ளியும் சனியும் அமலோற்பவம் வார்டைப் பார்த்துக்கொள்வது, ஞாயிறும் திங்களும் பூங்குழலி முழுசாகப் பார்த்துக்கொள்வது என்று இருவரும் வாய்ப்பேச்சில் முடிவு செய்தார்கள். சனிக்கிழமை சாயங்கால பஸ்ஸில் இறங்கினால் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசைக்குப் பேரனைக் கூட்டிப்போகலாம் என்பது அமலோற்பவத்தின் கணக்கு. வியாழக்கிழமை மத்தியானத்துக்குள் டூட்டி சார்ட்டில் வெள்ளி, சனி கட்டங்களில் அமலோற்பவம் தன் கையால் தன் பெயரை எழுதிவிடுவாள். அந்தப் பெயர் விழுந்தால்தான் பூங்குழலி வீட்டுக்குப் போய்ப் பை கட்டுவாள்.

கல்லூரி வகுப்புக்காக வாங்கிய வெள்ளைக் கோட்டை முதல் நாள் ஆஸ்பத்திரியில் மாட்டிப் பார்த்தபோதே அமலோற்பவம் ஒரு வார்த்தை விட்டாள்.

“இத நர்ஸ் ரூம்ல மாட்டாதம்மா. பாக்குறவங்க டாக்டர் ரெண்டு பேருன்னு நெனச்சுக்குவாங்க.” அப்புறம், “நீ படிச்சு முடிச்சு வந்தா குட்மார்னிங் நான் ஒனக்குச் சொல்லணுமா, நீ எனக்குச் சொல்லுவியா? அத மட்டும் இப்பவே சொல்லிரு.”

கலைச்செல்வி சிரித்தாள். பூங்குழலியும் சிரித்து வைத்தாள். ஆனால் அமலோற்பவம் கைக்கடக்கமான ஒரு டைரியில், எந்தெந்த வெள்ளி, எந்தெந்த சனி என்று குறித்து வருவதை இரண்டாவது வாரம் பார்த்தாள். அதற்கப்புறம் அந்தச் சிரிப்பை மனசுக்குள் ஒருமுறை திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டியதாயிற்று. உதவி செய்கிறவளுக்கு எதற்கு டைரி?

வகுப்பில் ஒன்பது பேர். அவள்தான் மூத்தவள். கொல்லிமலை என்று சொன்னதும் பக்கத்தில் இருந்த பெண், அருவிக்கு எந்த மாசம் வந்தால் தண்ணீர் இருக்கும் என்று கேட்டாள். காலை ஐந்தே முக்கால் பஸ், எழுபது வளைவு. புத்தகத்தைத் திறந்தால் குமட்டும். அதனால் இதயத் துடிப்பின் சத்தங்களைப் போனில் போட்டுக் காதில் மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி, இது சரியானது, இது கோளாறு என்று சொல்லிப் பழகினாள். மலையடிவாரத்துக் காரவள்ளி வருவதற்குள் பதினைந்து இதயம் கேட்டு முடித்துவிடுவாள். கண் திறக்கும்போது யாராவது அவளையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். பாட்டுக் கேட்கிறவளுக்கு முகம் ஏன் இப்படிச் சுருங்குகிறது என்று பார்ப்பார்களோ என்னவோ.

நான்காவது மாதம், ஒரு திங்கட்கிழமை, டாக்டர் விஷ்ணு அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். பழைய டாக்டர் மாறிப்போய் இவர் வந்து ஒரு வருஷம் ஆகிறது. இருபத்தெட்டு வயது. அவளுடைய பயிற்சிப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர்தான். கதவைச் சாத்தினார். என்ன நினைத்தாரோ, எழுந்து போய்ப் பாதி திறந்து வைத்தார். மாவட்ட ஆபீசிலிருந்து வந்த கடிதத்தை மேஜைமேல் அவள் பக்கமாகத் திருப்பினார்.

தங்கள் மருத்துவமனையில் பணிபுரியும் செவிலியர் திருமதி பூங்குழலி என்பார் வாரந்தோறும் மருத்துவர் அங்கி அணிந்து சமவெளிப் பகுதிகளில் மருத்துவ முகாம் நடத்தி சிகிச்சை அளித்து வருவதாக மனு வரப்பெற்றுள்ளது, இதன் உண்மைத்தன்மை குறித்து ஏழு தினங்களுக்குள் விளக்கம் அளிக்கவும் என்று இருந்தது. மனுக் கொடுத்தவர் பெயர் இல்லை.

அவள் இரண்டு தடவை படித்தாள். போலி டாக்டர் என்ற வார்த்தை கடிதத்தில் இல்லை. ஆனால் அதுதான் ஒவ்வொரு வரியிலும் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் மலைமேலேயே செம்மேட்டுப் பக்கம் ஊசி போட்டுக்கொண்டிருந்த ஒருவனைப் போலீஸ் ஜீப்பில் ஏற்றியபோது ஊரே நின்று பார்த்தது.

“நீங்க எங்க போறீங்கன்னு எனக்குத் தெரியும் சிஸ்டர்” என்றார் விஷ்ணு. “ஆனா எனக்குத் தெரிஞ்சது மட்டுந்தான எனக்குத் தெரியும்.”

பதிவேட்டில் இப்போது கையெழுத்துப் போட முடியாது என்றார். நாளைக்கு விசாரணை என்று வந்தால், இவள் பார்த்த கேசுக்கெல்லாம் தான் உடந்தை என்று ஆகிவிடும். பூங்குழலி வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள் என்றாள். முதல் பருவத்தின் பயிற்சி மணிநேரம் கையெழுத்தோடு வெள்ளிக்கிழமை கல்லூரியில் சேர வேண்டும். கையில் பதிவேட்டோடு நேரில் போய் நிற்க வேண்டும். இல்லையென்றால் சீட் போய்விடும், அடுத்த வருஷம் மறுபடி விண்ணப்பம் போட வயது வரம்பும் தாண்டிவிடும். அது தெரியும் என்றார் அவர். பேனாவை மூடினார்.

“யார் எழுதியிருப்பாங்க?” என்று கேட்டார்.

மருத்துவர் அங்கி என்ற சொல்லிலேயே அவள் கண் நின்றிருந்தது. கோட்டைப் பற்றிப் பேசியது ஒருத்திதான். டைரியில் வெள்ளி, சனி குறித்து வைத்திருப்பதும் ஒருத்திதான்.

“அமலாக்காவக் கேட்டுப் பாருங்க சார்” என்றாள். ஊசி எடுத்துக் கொடுங்கள் என்பதுபோல அத்தனை லேசாக வந்தது வாயிலிருந்து.

விஷ்ணு நேரில் கேட்கவில்லை. வயதில் மூத்தவளை முகத்துக்கு நேராக எப்படிக் கேட்பது என்று தயங்கி, அதைவிட மோசமான ஒன்றைச் செய்தார். மறுநாள் காலை அவள் டூட்டிக்கு வந்ததும் எழுத்தில் கேட்டார். மேற்படி மனு குறித்துத் தங்களுக்கு ஏதேனும் தெரியுமா என்று ஒரு தாள், எண் போட்டு, தேதி போட்டு. அமலோற்பவம் நின்றபடியே படித்தாள். எனக்குத் தெரியாது என்று ஒரே வரி எழுதி, முழுப்பெயரைக் கையெழுத்திட்டு, ஆபீஸ் பையனிடம் கொடுக்காமல் தானே கொண்டுபோய் வைத்துவிட்டு, மூன்றாம் படுக்கைக்கு டிரிப்ஸ் மாற்றப் போனாள்.

தன் பெயரைச் சொன்னது யார் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. செவ்வாய்க்கிழமை முழுக்க நோயாளிகளின் பெயரைத் தவிர பூங்குழலியிடம் வேறு எதுவும் பேசவில்லை. மத்தியானம் சாப்பாட்டு டப்பாவை மூடும்போது மட்டும், சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

“நான் மனு எழுதுனா எம்பேரப் போட்டுத்தான் எழுதுவேன். பேரு நீளந்தான். ஆனா தாள்ல எடம் பத்தும்.”

பூங்குழலி நம்பவில்லை. குற்றமுள்ளவர்கள்தான் இத்தனை நன்றாகப் பேசுவார்கள் என்று நினைத்தாள்.

வீட்டுக்கு நடந்து வரும் வழியில் சந்தேகம் வேறு பக்கம் திரும்பியது. அந்தத் தாளை வைத்துவிட்டு வந்த அமலோற்பவம், டிரிப்ஸின் சொட்டை எப்போதும்போல எண்ணிப் பார்த்துச் சரிசெய்தது ஞாபகம் வந்தது. சமவெளி என்று கடிதத்தில் இருக்கிறது, வாரந்தோறும் என்று இருக்கிறது. அவள் எங்கே இறங்கினாள், எந்தத் தேதியில் இறங்கினாள் என்பதையெல்லாம் வெளிச்சத்தில் பிடித்துப் படிக்கிற ஆள் ஆஸ்பத்திரியில் இல்லை. வெள்ளிக்கிழமை தங்க வேண்டுமா என்று தலை தூக்காமல் கேட்ட ஆளும் ஆஸ்பத்திரியில் இல்லை. அப்படி நினைக்க நினைக்க நடை வேகமாயிற்று. வீட்டு வாசலுக்கு வந்தபோது அவள் ஏறக்குறைய முடிவு கட்டியிருந்தாள்.

மணிவண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அடுத்த அறையில் கட்டிலில் காளியண்ணன் ரேடியோ பெட்டியைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மோனிஷா பக்கத்து வீட்டில் விளையாடப் போயிருந்தாள்.

“ஏனுங்க, டிக்கெட்டப் படிக்கறது எதுக்குங்க?”

அவன் சாதத்தைப் பிசைவதை நிறுத்தவில்லை. “எழுத்தக் கண்டா படிக்கறதுதான.”

“பேனா தேடற ஆளு பேனாவத்தான தேடோணும்.”

அவன் கையை உதறினான். “மூணாவது வாரம் சேந்தமங்கலத்துல எறங்கி வேற பஸ்ஸு ஏறியிருக்கறே. நாமக்கல்லுன்னுதான் சொல்லீட்டுப் போனே.”

அவள் வாரங்களை எண்ணிப் பார்த்தாள். அப்புறம் ஞாபகம் வந்தது. அன்றைக்கு வளைவில் அவளுக்கே வாந்தி வந்து, அதற்குமேல் உட்கார முடியாமல், நாமக்கல் போகிற வழியிலேயே சேந்தமங்கலத்தில் இறங்கி, எலுமிச்சம்பழம் வாங்கி மோந்து, அடுத்த பஸ் பிடித்துப் போனாள். சொன்னாள்.

“இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமில்ல?”

“அன்னைக்கே கேட்டிருக்கலாமில்லீங்க?”

மூன்று மாதமாக அந்தச் சின்னத் தாளை மனசில் வைத்துக்கொண்டு அவன் காலரை நீவி நீவிப் படிய வைத்திருக்கிறான். பூங்குழலிக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. போனை எடுத்து, படம் பிடித்து வைத்திருந்த கடிதத்தைத் திறந்து, இதற்கும் டிக்கெட்டுக்கும் சம்பந்தம் உண்டா இல்லையா என்று கேட்டுவிட்டு உரக்கப் படித்தாள். அவன் கை தட்டிலேயே நின்றது. கடைசி வரை கேட்டான். நான் எழுதவில்லை என்று சொல்லவில்லை. ஒரே ஒரு சந்தேகம் கேட்டான்.

“முகாமுன்னா?”

“கேம்ப்பு” என்றாள் பூங்குழலி.

அடுத்த அறையில் ரேடியோ தட்டுவது நின்றது.

“கேம்ப்பு சாங்சன் ஆயிருச்சா கண்ணு?” என்று காளியண்ணன் குரல் கொடுத்தார்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கேம்பஸ் என்று அவள் சொன்னது அந்த வீட்டில் கேம்ப்பாகி, ஆபீசுக்குப் போய் முகாம் என்று நல்ல தமிழாகித் திரும்பி வந்திருந்தது. அதனால்தான் தன் வீட்டுச் சொல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை.

காளியண்ணன் வேட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டு சந்தோஷமாக வந்தார். போன மாதம் செம்மேட்டில் மனு வாங்கும் நாள் நடந்ததாம். வரிசையில் நின்று, எழுதிக்கொடுக்கிறவனிடம் விவரம் சொல்லி எழுதச் சொன்னாராம். கையெழுத்துத் தன் கையெழுத்துத்தானாம். அதில் அவருக்குப் பெருமை. இது வரட்டும், வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று யாரிடமும் மூச்சுவிடவில்லை.

“நம்மூருல எத்தன பேருக்குக் கண்ணு மங்கல், எத்தன பேருக்குக் கால்வலி. எம்மருமவ கோட்டுப் போட்டுக்கிட்டு வாராவாரம் கீழ போயிக் கேம்ப்பு நடத்தி அவுங்களுக்குப் பாக்குது. மலைக்காரனுக்கு ஒரு நா வெச்சா என்னங்கய்யான்னு கேட்டேன்.” கொஞ்சம் தயங்கிவிட்டு, அவளைப் பார்க்காமல் சேர்த்துக்கொண்டார். “நீயும் நம்மூரச் சொல்லமாட்டேங்கறயேன்னு எனக்கொரு நெனப்பு இருந்துச்சு சாமி. கீழ போனா எல்லாரும் கீழ்நாட்டுக்காரங்களாட்டமே ஆயிருவாங்களான்னு.”

அவர் கேட்டது தப்பில்லை. எழுதிக்கொடுத்தவனும் அவர் சொன்னதைத்தான் எழுதியிருப்பான். ஊருக்கு முகாம் வேண்டும் என்ற பகுதியை விட்டுவிட்டு, நர்ஸ் ஒருத்தி கோட்டுப் போட்டு முகாம் நடத்துகிறாள் என்ற பகுதியை மட்டும் ஆபீசில் பிடித்துக்கொண்டார்கள். மணிவண்ணன் தட்டோடு எழுந்தான். சிரிக்கிறானா என்று பூங்குழலி பார்த்தாள். முகம் அப்படி ஒன்றும் தெளியவில்லை. தண்ணீர்க் குடத்தின் பக்கம் போய் நின்று, முதுகைக் காட்டிக்கொண்டு, எல்லாரையும் சந்தேகப்பட்டுவிட்டுக் கடைசியில் என்னிடம் வந்தாயா, முதலிலேயே என்னிடம் வந்தாயா என்று கேட்டான். கடைசியில்தான் என்றாள். அது அவனுக்கு ஆறுதலா இல்லையா என்று தெரியவில்லை.

புதன்கிழமை காலை காளியண்ணனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். டாக்டர் விஷ்ணு பொறுமையாக விளக்கினார். கேம்பஸ் என்றால் காலேஜ் இருக்கிற இடம், கேம்ப் வேறு, உங்கள் மருமகள் படிக்கத்தான் போகிறாள். காளியண்ணன் மருமகளைப் பார்த்தார்.

“அப்ப கேம்ப்பு இல்லியா?”

“இல்லீங்க மாமா.”

“நாலு மாசமா நாஞ் சொல்லீட்டு இருந்தனே. நீ கேட்டுக்கிட்டுத்தான இருந்தே?”

அவள் ஆமாங்க என்றாள். விஷ்ணு அப்போது அவளை ஒரு பார்வை பார்த்தார். அதற்குமுன் அவர் அவளை அப்படிப் பார்த்ததில்லை. தவறாகப் புரிந்துகொண்டு மனுக் கொடுத்துவிட்டேன் என்று எழுதிய தாளில் கையெழுத்து வாங்குவதற்குள் போதும்போதும் என்றாகிவிட்டது. காளியண்ணன் முழுசாக இரண்டு தடவை படிக்கச் சொன்னார். கீழே காலியாக இருந்த இடத்தில் ஒரு கோடு கிழிக்கச் சொன்னார், அப்புறம் யாரும் எதையும் சேர்க்கக்கூடாதாம். கேம்ப் வேண்டாம் என்று எங்கேயும் எழுதவில்லையே என்று கேட்டார். இல்லை என்றதும் போட்டார். நல்ல, பெரிய கையெழுத்து.

ஆபீசுக்குப் போன் போட்டு, அவர்கள் சொன்னபடி பதிலை அனுப்பி, கல்லூரிச் சான்றிதழை இணைத்து, எல்லாம் முடிந்து விஷ்ணு பயிற்சிப் பதிவேட்டைக் கையில் எடுத்தபோது வியாழக்கிழமை மத்தியானம் ஆகியிருந்தது. ஒவ்வொரு பக்கமும் படித்தார். அவள் கேட்ட நெஞ்சுச் சத்தம், அவள் போட்ட முடிவு, அதற்கு அவர் சொன்னது. முன்பெல்லாம் இத்தனை படிக்க மாட்டார். கையெழுத்துப் போட்டுவிட்டு, அமலோற்பவம் சிஸ்டரிடம் நீங்களே பேசிவிடுங்கள் என்றார்.

அமலோற்பவத்திடம் விளக்கம் கேட்ட தாளைக் கிழித்துவிட முடியுமா என்று பூங்குழலி கேட்டாள். முடியாது என்றார். எண் போட்டாயிற்று, நடுவில் ஒரு எண் இல்லாமல் போனால் அதற்கு யார் பதில் சொல்வது. அது ஃபைலில் இருக்கும். இருபத்திரண்டு வருஷத்தில் அமலோற்பவத்திடம் எழுத்தில் கேட்கப்பட்ட ஒரே கேள்வி அது.

நர்ஸ் அறையில் அமலோற்பவம் மட்டும் இருந்தாள். கட்டுத் துணிகளைச் சதுரமாக மடித்து, ஆவியில் வைக்கும் டிரம்மில் அடுக்கிக்கொண்டிருந்தாள். சுவரில் டூட்டி சார்ட். நாளைக்கும் மறுநாளைக்குமான கட்டங்கள் காலியாக இருந்தன. மணி இரண்டரை.

பூங்குழலி பதிவேட்டை மேஜைமேல் வைக்கப் போனாள், வேண்டாம் என்று தோன்றி கையிலேயே வைத்துக்கொண்டாள்.

“மனுக் குடுத்தது எங்க மாமனாருங்க அக்கா.”

“கலைச்செல்வி சொன்னா.”

“உங்க பேரச் சொன்னது நாந்தான்.”

“அதுவும் தெரியும்.”

அமலோற்பவம் அடுத்த துணியை எடுத்தாள். பூங்குழலி தப்பு என்றாள். கோட்டைப் பற்றிச் சொன்னதை மனசில் வைத்துக்கொண்டு சொல்லிவிட்டேன் என்றாள். டைரியைப் பார்த்ததையும் சொன்னாள். சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் ஆரம்பித்த பிறகு பாதியில் நிறுத்துவது இன்னொரு பொய்போல இருந்தது.

டைரி என்றதும் அமலோற்பவம் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். இடுப்புப் பையிலிருந்து அதை எடுத்து, பக்கத்தைத் திறந்து, மேஜைமேல் வைத்தாள். வெள்ளி, சனிகளுக்கு எதிரே பேரனுக்கு என்ன வாங்கிப் போக வேண்டும் என்று எழுதியிருந்தது. கலர் பென்சில். அளவு எட்டுச் செருப்பு. தேன் மிட்டாய். பூங்குழலி படித்து முடிக்கும்வரை காத்திருந்து, எடுத்து மறுபடி பையில் வைத்துக்கொண்டாள்.

“எனக்கு ஒரு பயம் இருந்துச்சு, இல்லேன்னு சொல்லல” என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. “நீ வந்து எனக்கு ஆர்டர் போடுவியோன்னு. அத ஒம்மூஞ்சிக்கு நேராக் கேட்டேன். நீ ஏன் என்னய நேராக் கேக்கல?”

கேட்டிருந்தாலும் தான் நம்பியிருக்கப் போவதில்லை என்பதைப் பூங்குழலி சொல்லவில்லை. அமலோற்பவத்துக்கு அது தெரியும் என்றே தோன்றியது.

ஆஸ்பத்திரிக்கு வெளியே பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு திரும்பியது. வார்டில் யாரோ சிஸ்டர் என்று கூப்பிட்டார்கள். இரண்டு பேரில் யாரை என்று தெரியவில்லை. அமலோற்பவம் கடைசித் துணியை அடுக்கி, டிரம்மின் மூடியைப் போட்டு, கொக்கியை மாட்டினாள். கைகளைத் துடைத்துக்கொண்டாள்.

“நாளைக்கும் சனிக்கெழமைக்கும்” என்றாள் பூங்குழலி. “இந்த ஒரு வாரம் மட்டுங்க அக்கா. பதிவேட்ட நேர்ல குடுக்கோணும். பாத்துக்குவீங்களா?”

அமலோற்பவம் பிரஷர் பார்க்கும் பெட்டியை எடுத்து, குழாயைச் சுற்றி உள்ளே வைத்து மூடினாள். சார்ட்டின் பக்கத்தில் நூலில் தொங்கிக்கொண்டிருந்த பேனாவைத் தொடாமல் தாண்டி, திரைச்சீலையை விலக்கிக்கொண்டு வார்டுக்குள் போய்விட்டாள்.